நாலு நிமிஷக் காபி

“சார், பாலை மறந்துட்ட” என்றார் ஷேர் ஆட்டோ அப்பாவு.

“மறக்கலைங்க. இந்தக் காபிக்குப் பால் கிடையாது.”

“சரி, வண்டியில ஆள் குந்திகினு கீது. சீக்கிரம் ஊத்து.”

“ஊத்திட்டுத்தாங்க இருக்கேன்.”

உண்மைதான். கண்ணாடிக் கூம்பில் காகிதத்தை விரித்து, அதில் காபித்தூளைப் போட்டு, கொக்கு மூக்குக் கெட்டிலிலிருந்து வெந்நீரை நூல் பிடித்த மாதிரி வட்டமாக ஊற்றிக்கொண்டுதான் இருந்தான் ஜனார்தன். கீழே இருந்த ஜாடியில் காபி சொட்டுச் சொட்டாக இறங்கியது. அப்பாவு குனிந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்துற மாதிரி கீது? சிங்கப்பெருமாள் கோவில் போய்ட்டு வந்து குடிக்கிறேன்.”

போய்விட்டு வந்தார். குடிக்கவில்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் 2014ல் இப்படி ஒரு கடை வைக்க அசாத்திய தைரியம் வேண்டும். ஜனார்தனுக்கு அது பெங்களூரில் கிடைத்தது. ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தவன், அலுவலக வேலையாகப் போன இடத்தில் இந்தக் காபியைக் குடித்தான். பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஆரஞ்சுப் பழ வாசனை மட்டும் வந்தது. அன்றோடு ஆள் மாறிவிட்டான். மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டுக் கடையைத் திறந்தான். ஓடினால் கடை, ஓடாவிட்டால் பழைய நாற்காலி. அந்த நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு மேனேஜர் காத்திருந்தார். அவரைவிட அதிகமாக ஜனார்தனின் மனைவி மரகதவல்லி காத்திருந்தாள்.

“பாலே விடாத காபிக்கு இவ்வளவு மடி ஆசாரமா?” என்பாள்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. ஃபேக்டரி ஆட்களுக்கு டீ பிரேக் பத்து நிமிஷம். வர மூன்று, போக மூன்று, காபி இறங்க நாலு. குடிப்பதற்கு மட்டும் நேரமில்லை.

வேகம் கூட்ட, இரண்டு கையிலும் இரண்டு கெட்டிலைப் பிடித்து ஊற்றிப் பார்த்தான். வலது கைக் காபி தண்ணீராக இருந்தது. இடது கைக் காபி மேஜையில் இருந்தது. அடுத்து, காலையிலேயே மொத்தமாக இறக்கி ஃபிளாஸ்க்கில் வைத்தான். மதியத்துக்குள் அது கஷாயமாகி, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த மூன்று பேரும் நின்றுபோனார்கள்.

அப்போதுதான் சுப்பிரமணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் வடக்குப்பட்டு ஃபேக்டரி ஒன்றின் அடையாள அட்டை, கையில் ஸ்டாப் வாட்ச்.

“ஃபிளாஸ்க் இன்னாத்துக்கு சார்? மூணு வாரமா எதிர் பஸ் ஸ்டாப்புலேர்ந்து உங்களைப் பாத்துகினு கீறேன். அந்த ஊத்துற வேலையைச் செய்ங்க.”

ஜனார்தன் ஊற்றினான். சுப்பிரமணி வாட்சை அழுத்தினார்.

“நாலு நிமிஷம் இருபது செகண்டு! அருமை சார், அருமை!”

அந்த நேரத்தைக் குறையாகச் சொல்லாத முதல் மனிதர். ஜனார்தன் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினான்.

“இது ஜப்பான்ல ரொம்பப் பிரபலமான முறை சார்.”

“நாங்களும் புதுசா சேர்ற பசங்களுக்கு ஜப்பான் முறைதான் சொல்லித் தர்றோம். நாளைக்கு இட்டுகினு வரட்டுமா?”

மறுநாள் நீலச் சீருடையில் பத்துப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு நோட்டு. யாரும் செல்போனைத் தொடவில்லை, பேசவில்லை. அவன் கையையே பார்த்தார்கள். காபியை முகம் சுளித்தபடி கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

“சார், பேப்பரை நனைச்சு அந்தத் தண்ணியைக் கீழ ஊத்துனீங்களே, எதுக்கு?” என்றான் ஒருவன்.

“காகித வாசனை போறதுக்கு.”

பத்துப் பேரும் எழுதிக்கொண்டார்கள்.

ஜனார்தனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரசிகர்கள் வந்துவிட்டால் கலைஞன் சும்மா இருப்பானா? காபிக் கொட்டையை மூன்று தடவை எடை போட்டான். கோப்பைகளைக் கடைசிச் சுவர் அலமாரிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் நடந்து போய் எடுத்துவந்தான். நாலு நிமிஷம் ஒன்பதானது. பத்துப் பேர் இருபதானார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த மாரிசெல்வி, அவன் நடக்கும் தடத்தையெல்லாம் அம்புக்குறி போட்டுப் படமாகவே வரைந்துவிட்டாள். அது சிக்குக்கோலம் மாதிரி இருந்தது. ஜனார்தன் அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான்.

கூட்டத்தைச் சமாளிக்க ஒருநாள் நாலு கூம்புகளை வரிசையாக வைத்தான். சுப்பிரமணி பதறிப்போனார்.

“ஐயோ, மாத்தாதீங்க சார்! பழையபடி ஒண்ணொண்ணா ஊத்துங்க. இன்னும் ரெண்டு பேட்ச் பசங்க பாக்கணும்.”

ரசிகன் என்றால் இவரல்லவா ரசிகன் என்று நெகிழ்ந்துபோய், மூன்று கூம்புகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தான் ஜனார்தன்.

லீவு முடியும் நாளில் மேனேஜர் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். புருஷனைக் கையோடு பழைய நாற்காலிக்கு அனுப்பிவிடுவது என்று மரகதவல்லி கடைக்கே வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இருபத்தைந்து பேர், மூச்சுச் சத்தம் கேட்காமல், அவள் புருஷன் வெந்நீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நிஜமாவே இத்தனை பேரா!”

“தினமும் இப்படித்தான் மரகதம்.”

“நான்தான் உங்களைப் புரிஞ்சுக்கலை போலிருக்கு” என்றாள். ராஜினாமாக் கடிதத்தை அவன் செல்போனில் அடித்தான். அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

மறுநாள் முப்பது கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தான். பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பதினொன்றுக்கு மாரிசெல்வி மட்டும் வந்தாள்.

“வாம்மா! மத்தவங்கல்லாம் எங்க?”

“அவங்க வரலை சார். நான் வரைஞ்ச படத்தைக் கொஞ்சம் கழத்தித் தாரியளா? ரிப்போர்ட்ல ஒட்டணும்.”

ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றியபடியே கேட்டான்.

“அப்போ நாளைக்கு எத்தனை பேர் வருவீங்க?”

“இனிமே வர மாட்டோம் சார், வீண்வேலையைக் கண்டுபிடிக்கிற பாடம் நேத்தோட முடிஞ்சிட்டு, அது மொத்தம் ஏழு வகை, எங்க ஃபேக்டரி லைன்ல தேடோ தேடுன்னு தேடியும் ரெண்டுதான் கெடச்சுது, ஏழையும் ஒரே எடத்துல பாக்கணும்னா உங்க கடைக்குத்தான் போவணும்னு சுப்பிரமணி சார் சொன்னாவ.”