பெர்க் மதகில் மாப்பிள்ளைக்கு வைத்த தேர்வு

யோத்தா கால்வாய்,
பெர்க் மதகுகளின் மேல்துறை,
ஜூலை 14.

மதிப்பிற்குரிய ஹெட்விக் அம்மையாருக்கு,

சம்பந்தியாகப் போகும் சிக்ஸ்டன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நால்வரும் நலம், படகு சுமார். தங்கள் முழங்கால் வலியும் தோட்டத்து ஸ்ட்ராபெரியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

தங்கள் மகன் மெல்கரை நான் ஏன் ஒரு வாரம் வாடகைப் படகில் ஏற்றினேன் என்பதைச் சொல்லிவிடுவதுதான் முறை. என் மகள் தூவாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குக் கோபமே வராதது எனக்குச் சரியாகப் படவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு ரயில்வேயில் சிக்னல் ஆய்வாளராக இருந்தவன் நான். சத்தமே போடாத இயந்திரத்தைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்பேன். இந்தக் கால்வாயை நம் ஜனங்கள் ‘விவாகரத்து வாய்க்கால்’ என்று சும்மாவா சொல்கிறார்கள்? படகை மேடு ஏற்றி இறக்கும் மதகுகள் மொத்தம் ஐம்பத்தெட்டு, ஒவ்வொன்றிலும் கயிறு பிடிப்பதில் சண்டை. கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்களே கயிற்றை வீசிவிட்டு ரயிலேறிப் போன இடம். இங்கே ஒரே ஒரு முறை முகம் சுளித்தான் என்றாலும் கல்யாணத்துக்கு என் சம்மதம் கிடையாது என்று மனத்துக்குள் தீர்மானித்திருந்தேன். பதினைந்து மதகு தாண்டியும் தங்கள் மகன் கயிறு இழுத்துக்கொண்டே சீட்டியடித்தான்.

நேற்று பெர்க் வந்து சேர்ந்தோம். ஏழு தொட்டிகள் மாடிப்படி மாதிரி ஏறிப் போகின்றன. ஒவ்வொன்றிலும் கதவைச் சாத்தி, தண்ணீரை விட்டுப் படகைத் தூக்குகிறார்கள். கரையில் ஊரே ஐஸ்கிரீமோடு நின்று வேடிக்கை பார்க்கிறது. மெல்கர் கரையில், தூவா கயிற்றில், என் மனைவி சூல்வெய் சுக்கானில், நான் முன்னால் நின்று தலைமை. முதல் தொட்டியில் தண்ணீர் பொங்கி வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கினேன். ரயில்வேயில் அதற்கு ‘ஆபத்து, நில்’ என்று பொருள். ‘கயிற்றை விடு’ என்று எடுத்துக்கொண்டு தூவா விட்டுவிட்டாள். படகு குறுக்கே திரும்பிப் பக்கத்து நார்வேக்காரர் படகில் இடிக்க, அவருடைய மேசையிலிருந்த உருளைக்கிழங்கும் காடியில் ஊறிய ஹெர்ரிங் மீனும் தண்ணீருக்குள் போக (மீனுக்காவது பழகிய இடம், உருளைக்கிழங்குதான் பாவம்), அவர் “யோவ், கண்ணு தெரியல?” என்று கத்த, நான் பதற்றத்தில் கைகளை இன்னும் உயரத் தூக்கினேன்.

“மொதல்ல அந்தக் கையக் கீழ போடுங்க! இங்க ரயிலு ஒண்ணும் வரல!” என்றாள் சூல்வெய், கரையிலிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி.

“இங்க நான்தான் கேப்டன்.”

“கேப்டன் எறங்குனாத்தான் படகு ஏறும். எறங்குங்க.”

மெல்கரைப் பார்த்தேன். “மாமா, ஏணி இந்தப் பக்கம். பாத்து வாங்க, பாசி வழுக்கும்” என்று கையை நீட்டினான்.

படகிலிருந்து இறங்குவதற்காகத் தொட்டிச் சுவரின் ஏணியில் ஏறினேன். மீதி ஆறு தொட்டிகளையும் படகு நான் இல்லாமலே ஏறியது. ஓர் இடிகூட இல்லை. கரையோடு நடந்துகொண்டிருந்த என்னிடம் ஓர் அம்மாள், “அந்தப் படகுல பாருங்க, எவ்ளோ ஒத்துமையா இருக்காங்க! குடும்பம்னா அப்படி இருக்கணும்” என்றார். “ஆமாங்க” என்றேன். வேறென்ன சொல்ல? நானும் ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் மெல்கர் நார்வேக்காரரிடம் போய், நான் ஒளித்து வைத்திருந்த ஹெர்ரிங் பாட்டிலைக் கொடுத்து, “எங்க மாமா மேல தப்பில்லீங்க, ஈரக்கயிறு, வழுக்கிடுச்சு” என்றானாம். பச்சைப் பொய். முப்பத்தெட்டு ஆண்டு வேலையில் எனக்காக ஒருவரும் பொய் சொன்னதில்லை, அம்மையாரே. ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆகவே இக்கடிதத்தின் மூலம் என் முழுச் சம்மதத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையாகத் தாங்களே பார்த்துத் தேதி குறித்து எழுதவும். தங்கள் வீட்டில் நலமெல்லாம் நிலைக்கட்டும். இந்த வருஷம் பனி தாமதமாக வரட்டும்.

அன்புடன்,
சிக்ஸ்டன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். தூவா மெல்கரைப் பார்த்தாள். மெல்கர் தண்ணீரைப் பார்த்தான். மார்ச் மாதமே நகர மன்றத்தில் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டதாம். சாட்சிக் கையெழுத்து தாங்கள் போட்டதாம். போகட்டும். சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டுமே, இன்னொருவர் யார் என்று கேட்டேன். சூல்வெய் எழுந்து காப்பி போடப் போய்விட்டாள்.