உரும்பிராய் மில்லும் நீலப் புள்ளிகளும்

மெசின் சும்மா நின்றது. அதற்கு முன்னால் கறித்தூள் அரைக்க வந்த பெண்கள் பத்துப் பேர் வாளியும் பையுமாக நின்றார்கள். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை.

"நீங்கள் போங்கோ அக்கா."

"ஐயோ, எனக்கென்ன அவசரம்? நீர் போம் பிள்ளை."

இந்த உபசாரத்தைப் பார்த்துப் பார்த்து மில்காரன் சுதாகரனுக்கு வயிறு எரிந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு மில் திறந்திருந்தார்கள். அங்கே காத்திருக்கவே தேவையில்லையாம். பொறுமை கெட்டவர்கள் ஒவ்வொருவராக றோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். இப்படியே போனால், தைப்பொங்கலுக்குள் மில்லை இழுத்து மூடிவிட்டு அவனும் றோட்டைக் கடந்துபோய் வேலை கேட்க வேண்டியதுதான்.

ஆகவே சுதாகரன் படிக்கத் தொடங்கினான். இணையத்தில் இலவச வகுப்பு. சிமுலேசன் என்று பெயர். வங்கியோ ஆஸ்பத்திரியோ, எங்கே நெரிசல் என்றாலும் அதை முதலில் கணினிக்குள் நடத்திப் பார்த்து, எந்த இடத்தில் சிக்குகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். அவனும் தன் மில்லைக் கணினிக்குள் கட்டினான். ஆள் ஒவ்வொருவரும் ஒரு நீலப் புள்ளி. புள்ளி வரும், வரிசையில் நிற்கும், மெசினுக்குப் போகும், வெளியேறும். ஒன்றும் நடக்காத நேரத்தைக் கணினியின் கடிகாரம் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும். அப்படி ஒரு கடிகாரத்தை மில் சுவரில் மாட்ட முடியாதா என்று அவன் ஏங்கினான்.

"இன்னொரு மெசின் போட்டால் காத்திருக்கிற நேரம் பாதியாகும்," என்றான் மனைவி சிவகௌரியிடம்.

"ஆர் சொன்னது?"

"புள்ளியள்."

"புள்ளியளோ மெசின் வாங்கித் தரப்போகுது?"

அவனே வாங்கினான். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, "இஞ்சாலை வாங்கோ" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். பத்துப் பேரும் பழைய மெசினுக்கு முன்னாலேயே நின்றார்கள். புது மெசினுக்கு மேலே பூனை ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டது.

வரிசைக்கு ஒரு விதி வேண்டும் என்றது அடுத்த பாடம். முதலில் வந்தவருக்கு முதலில். சரியென்று சுதாகரன் நம்பர் துண்டு கொடுத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஏழாம் நம்பர் ஐந்தாம் நம்பரிடம் கெஞ்சியது. ஒன்பதாம் நம்பர் அதே ஐந்தாம் நம்பருக்கு முருங்கைக்காய் தருவதாகச் சொன்னது. நீலப் புள்ளிகள் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை.

பிறகு வாசலில் பெருஞ்சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தான். ஐந்தாம் நம்பர்த் துண்டின் ஒரு நுனியை றொசாந்தி என்ற பெண் பிடித்திருந்தாள். மறு நுனியைப் பிடித்திருந்தவள் சிவகௌரி.

"மெசினே எங்கடை, நீர் ஏனப்பா துண்டுக்குச் சண்டை பிடிக்கிறீர்?"

"நாலாம் நம்பர் செல்வநாயகி அக்கா," என்றாள் சிவகௌரி மூச்சு வாங்க. "அவவுக்குப் பின்னாலை அரைச்சால், அவவின்ரை தூள் கொஞ்சம் மெசினுக்குள்ளை ஒட்டியிருக்கும். அந்த வாசம் எங்கடை தூளுக்கும் வரும். ஊருக்கே தெரியும்!"

ஊருக்கே தெரிந்தது மில்காரனுக்குத் தெரியவில்லை. செல்வநாயகியின் கறித்தூள் கோப்பாய் வரைக்கும் பேர் போனது. அவர் வீட்டில் குழம்பு கொதித்தால் அந்த வழியால் போகிற சைக்கிள்கூட மெதுவாகும். அவருக்குப் பின்னால் நிற்கத்தான் இத்தனை உபசாரமும். அவரோ தங்கமான மனுசி. மற்றவர்களை முன்னுக்கு விடாமல் தான் போகமாட்டார். சிக்கு எங்கே என்று சுதாகரன் கண்டுபிடித்துவிட்டான்.

அன்று மாலை ஒரு புள்ளிக்குச் சிவப்பு நிறம் பூசி முதல் ஆளாக அனுப்பினான். மற்றப் புள்ளிகள் எல்லாம் அதன் பின்னால் எறும்பு மாதிரி ஓடின. நெரிசல் போன இடம் தெரியவில்லை. அவன் எழும்பி நின்று தனக்குத்தானே கை தட்டினான்.

சனிக்கிழமை காலை ஓட்டோ அனுப்பிச் செல்வநாயகியைக் கூட்டிவந்தான். மெசினைத் தூசு தும்பு இல்லாமல் துடைத்து வைத்திருந்தான்.

"அக்கா, இனி எப்பவும் நீங்கள்தான் முதல் ஆள்."

"ஐயோ வேண்டாம் தம்பி! ஆராவது முன்னுக்கு அரைக்கட்டும்."

"உங்கடை பெருந்தன்மை எனக்குத் தெரியும். தாங்கோ வாளியை."

அவர் மறுக்க மறுக்க வாளியை வாங்கிக் கொட்டினான். அவருக்குப் பின்னால் றொசாந்தி, அவளுக்குப் பின்னால் சிவகௌரி, பிறகு எல்லாரும் மளமளவென்று வந்து அரைத்துக்கொண்டு போனார்கள். செய்தி பரவி, றோட்டைக் கடந்து போனவர்களும் திரும்பி வந்தார்கள். எதிர் மில்காரன் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். சுதாகரனுக்கு மனம் நிறைந்துபோயிற்று. கண் எரிய எரியப் படித்த படிப்பு வீண்போகவில்லை.

செல்வநாயகி மட்டும் ஒரு ஓரமாக இருந்து, தன் தூளைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்கோ," என்று பக்கத்தில் போய்க் குனிந்தான் சுதாகரன். "உந்தத் தூளுக்குள்ளை அப்பிடி என்னதான் போடுறனீங்கள்?"

"நான் என்னத்தைத் தம்பி போடுறன், வெறும் செத்தல் மிளகாயும் மல்லியுந்தான்," என்றார் செல்வநாயகி. "மிச்ச வாசமெல்லாம் எனக்கு முன்னுக்கு அரைக்கிற பிள்ளையளின்ரை தூள்தானே!"