மஞ்சள் முக்கோணம் அணைந்த கதை

சைதாப்பேட்டைப் பாலத்தின் நடுவில், டேஷ்போர்டில் அந்த மஞ்சள் முக்கோணம் மறுபடியும் எரிந்தது. மேகலா அதன் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அது அணையவில்லை.

"இன்னாடி ஆச்சி?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வசந்தி.

"பேட்டரி சூடாவுதாம். நீ கம்முனு வா."

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார் அது. அதற்குப் பதினைந்து வயது முடிகிற நாள் இன்று. ஓட்டத் தகுதி என்று சொல்லும் எஃப்.சி. கிடைக்காவிட்டால் நாளை ரோட்டில் இறக்க முடியாது. அப்புறம் வசந்தி பட்டினப்பாக்கத்தில் மீன் கூடையோடு பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும். போன வருடம் ஒரு கண்டக்டர் நாற்றமடிக்கிறது என்று சொல்லி அவளை லஸ் பக்கத்தில் பாதி வழியில் இறக்கிவிட்டான். வேலையில் சேர்ந்த கையோடு மேகலா இந்தப் பழைய காரை வாங்கியது அதற்காகத்தான். குடும்பத்தில் முதல் டிகிரி, முதல் கார். இரண்டையும் எவனும் ஃபெயில் என்று சொல்லக் கூடாது.

அம்மாவுக்கு ஒரே கட்டளை. இன்ஸ்பெக்டர் முன்னால் மீன் என்ற சொல் வரக் கூடாது. வீட்டுக் காரில் வியாபாரச் சரக்கு ஏற்றியது தெரிந்தால் வம்பு. வசந்தி தலையாட்டினாள். நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. வீட்டுக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ், கதவு எல்லாவற்றிலும் அதன் அக்கா தங்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் முதலில் புகைச் சோதனை. புகை பார்ப்பவர் குழாயைச் செருகிவிட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார்.

"ஸ்டார்ட்லதான் இருக்கு."

அவர் பானெட்டில் காதை வைத்தார். இன்ஸ்பெக்டர் கதிரேசனும் வந்து வைத்தார். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு வந்தார்கள். முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு முழம் நகர்ந்து காட்டியது. ஒரு டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் சைபர் புகையைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பேட்டரி இறங்கினால்தான் இன்ஜின் தானாக ஓடும். மேகலா ஏ.சி., ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டாள். இன்ஜின் ஓடியது, புகை பாஸ். ஆனால் அதற்குள் பேட்டரி கொதித்து, பின்சீட்டு ஓரத்தில் இருந்த அதன் ஃபேன் ஊளையிட்டது. முக்கோணம் கண் சிமிட்ட ஆரம்பித்தது.

காற்றுப் போகிற வழி அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் வாசலில் பஞ்சர் கடை வைத்திருந்த பொன்னுரங்கம். டயருக்குக் காற்றடிக்கும் குழாயை இழுத்து வந்து ஃபேன் துவாரத்தில் ஒரே ஊது ஊதினார்.

ஒரு வருடத்து மீன் செதில் அத்தனையும் கதவு வழியாகக் கிளம்பியது. வெயிலில் மினுங்கி, சுழன்று, கதிரேசனின் காக்கிச் சட்டையிலும் மீசையிலும் மெல்ல இறங்கியது. மைதானமே வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தது.

கதிரேசன் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"ஜிகினா சார். பர்த்டே பார்ட்டி."

"ஜிகினா நாறுமா?"

"பழைய ஜிகினா சார்."

அவர் மீசையைத் தட்டிக்கொண்டார். நாற்றத்துக்கு ஃபெயில் போட ரூல் இல்லை, ஆனால் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஃபெயில்தான், பெருக்கிவிட்டுக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேகலா பின்சீட்டில் மண்டியிட்டுச் செதில் பொறுக்கினாள். அடைப்பு போயும் முக்கோணம் அணையவில்லை. நாலு வருடப் படிப்பு ஒரு பொத்தான் அளவு விளக்கிடம் தோற்கப் போகிறது. முன்சீட்டில் அம்மா வாய் திறக்கவில்லை. சொன்ன சொல் மீறாதவள்.

கதிரேசன் திரும்பி வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார். மேகலாவும் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

முக்கோணத்தைக் காணோம். கறுப்பு டேஷ்போர்டு கறுப்பாகவே இருந்தது.

மேகலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. "தன் கோளாறைத் தானே சரிபண்ணிக்கும் சார். அதான் டெக்னாலஜி" என்றாள். கதிரேசன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பொன்னுரங்கம் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கேட்டைத் தாண்டியதும் மேகலா அம்மாவைப் பார்த்தாள். பாவம், வேர்த்த வேர்வையில் நெற்றிப் பொட்டுகூட எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"இப்ப பேசலாம்மா."

வசந்தி ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்:

"அந்த மஞ்ச லைட்டு மேல ஒட்டின என் பொட்ட இப்ப எடுத்துக்கவா, இல்ல அந்த ஐயா இன்னும் பாத்துக்கினு கீறாரா?"