கிருமி உருகும் என்று சொன்ன மைத்துனருக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் பேராசிரியர் அவர்களுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக 'நலம்' என்று தொடங்குவேன். இந்த முறை அந்தச் சொல்லுக்கு எங்களிடம் போதிய சரக்கு இல்லை. அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன். உங்களை இத்தனை வருஷமாக 'நீ' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். தொலைக்காட்சியில் உங்கள் முகத்துக்குக் கீழே 'வெப்பவியல் நிபுணர்' என்று எழுதிப் போட்டதிலிருந்து கைக்கு அந்த 'நீ' வர மறுக்கிறது. நடுவில் எங்காவது வழுக்கினால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் கல்லூரியில் உலோகம் உருக்குவதைப் பற்றிப் பாடம் எடுப்பவர் என்பது குடும்பத்துக்கே தெரியும். இந்தப் புதுக் காய்ச்சல் நம்மைப் போன்ற வெயில் ஊர்களில் பரவுமா பரவாதா என்று நாடே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது, உலை தெரிந்த ஆளை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வெளியே சொல்லவில்லை. உங்கள் அக்கா பக்கத்தில் இருந்தாள். அதுவும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள அத்தனை பேரையும் 'என் தம்பி டிவியில வர்றான்' என்று கூப்பிட்டு வைத்திருந்தாள். நாற்காலி போதாமல் நான் சொந்த வீட்டில் கதவோரம் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னீர்கள்: "இரும்பே உருகுதுங்க. இது என்ன, கண்ணுக்குத் தெரியாத கிருமி. நம்ம மத்தியான வெயில்ல அரை நிமிஷம் தாங்காது." பக்கத்தில் இருந்த டாக்டரம்மா, "வெயில் வெளியில இருக்கு சார், ஆனா மனுஷங்க உள்ள..." என்று ஆரம்பித்தார். நீங்கள் கையைத் தூக்கி, "நான் முடிச்சிடறேன் மேடம்" என்றீர்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டது. நீங்கள் முடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் குடியிருப்பு இரண்டாகப் பிளந்தது. மேல்மாடி வக்கீல் வெயில் கட்சிக்குத் தலைவரானார். தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜன்னல் கட்சியைத் தொடங்கினார். கதவு ஜன்னலையெல்லாம் திறந்து போட்டால்தான் கிருமி போகும் என்பது அவர் கொள்கை. அவருக்கு அதைப் பற்றி ஏதோ தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். கார் நிறுத்தும் இடத்துக்காக இருவருக்கும் தீராத பகை. வக்கீல் 'நெருப்பு சுடும்' என்று சொல்லியிருந்தால் அந்தம்மா அதற்கும் ஒரு எதிர்க்கட்சி வைத்திருப்பார். மாடிப்படியில் யார் யாரைப் பார்த்தாலும் வாக்குவாதம். கட்டின புருஷன் வெயில் என்கிறான், பெண்டாட்டி ஜன்னல் என்கிறாள், இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேறு வேறு பக்கம் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். இந்தக் களேபரத்தில் நான் எந்தக் கட்சியிலும் சேராமல் இருந்திருப்பேன். ஆனால் நான் நிபுணரின் அத்தான் ஆயிற்றே. அதோடு காலமெல்லாம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன், ரயில் தாமதம் என்பதைக்கூட ஜனங்கள் முகம் சுளிக்காமல் கேட்கும்படி சொல்லத் தெரிந்த குரல். வக்கீல் என் கையில் ஒலிபெருக்கியைத் திணித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, பிறகு திருத்திக்கொண்டு, எல்லோரும் உச்சி வெயிலுக்கு மொட்டை மாடிக்கு வந்து கிருமியை உருக்கிக்கொள்ளும்படி நானே அழைத்தேன்.

வந்தார்கள். கைக்குழந்தையிலிருந்து கைத்தடிக்காரர் வரை வந்தார்கள். தரையில் பூசியிருந்த தார் இளகிச் செருப்புகள் ஒட்டிக்கொண்டன. காலைத் தூக்கினால் செருப்பு வராது, செருப்பை இழுத்தால் கால் வேகும். வக்கீல் நடுவில் நின்று உங்கள் பேச்சை வரி பிசகாமல் ஒப்பித்தார். 'அரை நிமிஷம் தாங்காது' என்ற இடம் வந்ததும் அவரே தாங்காமல் சாய்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது. கலைந்த கூட்டம் அவரவர் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. எல்லோருக்கும் நாக்கு வறண்டு கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடியிருப்பில் பெரிய ஏசி இருப்பது குடியிருப்போர் சங்க அறையில்தான். வக்கீலை நான்கு பேர் தூக்க, மற்றவர்கள் பின்னாலேயே போக, அத்தனை பேரும் அந்த ஒற்றை அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டோம். குளிர் வெளியே போகக்கூடாது என்று ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருப்போம், உங்களுக்குத் தெரியும், நீங்கள் வந்தபோது பாராட்டினீர்கள். தலைமையாசிரியையும் தன் ஆட்களோடு உள்ளே வந்தார், எங்களைத் திட்டுவதற்காக. பிறகு தொடங்கியது பாருங்கள், கிருமி செத்ததா சாகவில்லையா என்று ஒரு விவாதம். ஒருவர் மூக்குக்கு நேரே இன்னொருவர் வாய். நடுவில் யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள். மயக்கம் தெளிந்திருந்த வக்கீல், "அது கிருமி இல்ல, கிருமி செத்த சாம்பல்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் இருமல். காய்ச்சலுக்குக் கட்சி தெரியவில்லை. வெயில்காரர்களையும் பிடித்தது, ஜன்னல்காரர்களையும் பிடித்தது. உங்கள் அக்கா முதலில் உடம்பு வலி என்றாள், அப்புறம் சோறு ருசிக்கவில்லை என்றாள், ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாமல் பாதியில் நிறுத்தினாள். எனக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதலாக அவள் ஒரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தியதில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் வார்டு நிறைய எங்கள் குடியிருப்புதான். வக்கீலும் தலைமையாசிரியையும் எதிரெதிர்க் கட்டிலில், இருவர் மூக்கிலும் ஆக்சிஜன் மூடி. பேச முடியாததால் அவர் மேலே சூரியனைக் காட்டுகிறார், அந்தம்மா ஜன்னலைக் காட்டுகிறார். இப்படியே சைகையில் சண்டை. மறுநாள் வக்கீலுக்கு மோசமாகித் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலிக் கட்டிலைப் பார்த்து அந்தம்மா மூடியைக் கழற்றிவிட்டு, "அந்தாள் இல்லன்னா நான் யார்கூட சண்டை போடுவேன்" என்று அழுதார். நர்ஸ் ஓடி வந்து மூடியை மாட்டிவிட்டார். வக்கீல் பிழைத்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

வார்டு டாக்டர் ஒரு இளம் பெண். என்னிடம் எல்லாம் விசாரித்தார். மொட்டை மாடியைச் சொன்னேன்.

"அப்புறம் எங்க போனீங்க?"

"சங்கத்து ரூமுக்கு, டாக்டர். ஏசி இருக்கு."

"எத்தனை பேர்?"

"எல்லாரும்."

"ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"டேப் ஒட்டியிருந்தோம்."

"உள்ள என்ன பண்ணீங்க?"

"கிருமி செத்துடுச்சான்னு பேசினோம்."

"மெதுவாவா?"

"இல்ல டாக்டர். கத்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "வெயில் ஊர்ல இதுதாங்க நடக்குது. வெளிய வெயில் கொளுத்துது. அதுக்குப் பயந்து எல்லாரும் ஒரே மூடின ரூம்ல உக்காந்து, ஒருத்தர் விட்ட மூச்ச இன்னொருத்தர் இழுக்கறோம்" என்றார். தொலைக்காட்சியில் அந்த டாக்டரம்மா தொடங்கி நீங்கள் முடிக்க விடாத வாக்கியம் இதுதான் என்று எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

உங்கள் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? ஆக்சிஜன் குழாயோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, தம்பி சொன்னது சரிதாங்க. நான்தான்... தண்ணி டேங்க் நிழல்ல கொஞ்சம் ஒதுங்கிட்டேன். அதான் எனக்கு வந்துடுச்சு. அவன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவான்" என்றாள். சாகக் கிடக்கிறவள் நிழலில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிறாள். அப்போது உன் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, நீ மட்டும் என் எதிரில் இருந்திருந்தால், உன் உலையும் நீயும் உன் நிபுணத்துவமும்... மன்னிக்கவும், வழுக்கிவிட்டது. நீங்கள். ஆனால் ஒலிபெருக்கியைப் பிடித்தது என் கைதானே. அன்று வராந்தாவில் உட்கார்ந்து உங்களை நினைத்துக் கொஞ்சம், என்னை நினைத்து மீதி, அழுதேன்.

இப்போது அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் என்னைத் திட்டும் வாக்கியங்கள் முழுதாக வருகின்றன. அதனால் தைரியமாக இருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அதே நிகழ்ச்சிக்குப் போய், 'எனக்கு இரும்பு தெரியும், நுரையீரல் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது. நானாக இருந்தால் கூப்பிட்ட அன்றே 'எனக்கு ஒன்றும் தெரியாது, ஆளை விடுங்கள்' என்று சொல்லியிருப்பேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் காற்றோட்டமாக வளரட்டும், உங்களுக்கு நீண்ட ஆயுளும், பேசும்போது நடுவில் நிறுத்தும் பழக்கமும் கைகூடட்டும் என்று வாழ்த்தும்,

அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அந்த டிவிக்காரர்கள் போன் செய்தார்கள். எங்கள் குடியிருப்புக் கதை அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. நாளை விவாதத்துக்கு நான் வரவேண்டுமாம். எனக்கு ரயில் நேரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது என்றேன். பரவாயில்லை, 'வெகுஜனப் போக்குவரத்து நிபுணர்' என்று போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உங்கள் அக்கா ஏற்கெனவே எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துவிட்டாள். தலைப்பு, 'மழை வந்தால் கிருமி கரைந்துவிடுமா?' எந்தப் பக்கம் பேசவேண்டும் என்பதை அங்கே போனதும் சொல்வார்களாம். இரண்டு பக்கத்துக்கும் பாயின்ட் ஏதாவது இருந்தால் உடனே போனில் சொல்லுங்கள்.