உயரத்தில் பணிபுரிபவர்

உயரத்தில் பணிபுரிபவர் யாராக இருந்தாலும் தலைக்கவசமும் பாதுகாப்புக் கயிறும் அணிந்திருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. எத்தனையோ பேரின் உயிரைக் காத்த விதி. அதை எழுதிய புண்ணியவான் மேல் நமக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வம்பெல்லாம் அதைப் படித்தவரால் வந்தது.

அந்த அலுவலகத்தில் ட்ரோன் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஊர்க் கூரைகளை மேலேயிருந்து படம் பிடித்து, யார் மாடியில் புதிதாகத் தகரம் போட்டிருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு வரி ஏற்றலாம் என்று கண்டுபிடிப்பது அதன் திருப்பணி. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ட்ரோன், இரண்டு ஆள். ஒருவர் பைலட். வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையும் உள்ள பைலட் இல்லை. நாள் முழுக்க வெயிலில் ரிமோட்டோடு நின்று முகம் கருகிய பைலட். இன்னொருவர், பறக்கும்போது ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க விதிப்படி நியமிக்கப்பட்டவர். வருடக்கணக்கில் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து அப்படியே நின்றுவிட்டதால் அவருக்குப் பெயரே கழுத்து அண்ணன். கீழே நடப்பது எதுவும் அவர் கண்ணில் படாது. அதனாலேயே அவருக்கு அலுவலகத்தில் எதிரிகள் இல்லை.

பைலட்டின் மனைவிக்கு அது நிறைமாதம். "வலி வந்தா நீங்க பக்கத்துல இருக்கணும். இல்லேன்னா பொறக்கிற புள்ளைக்கு உங்கள யாருன்னே சொல்ல மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் பைலட் முன்கூட்டியே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

விடுப்பு வருவதற்குள் புதிய பாதுகாப்பு அதிகாரி வந்தார்.

"இந்த ஆபீஸ்ல உயரத்துல வேலை செய்யறது யாரு?" என்று மொட்டை மாடிக்கு ஏறி வந்து கேட்டார்.

கழுத்து அண்ணன் தலையை இறக்காமலே மேலே கையைக் காட்டினார். "அதோ, அதுதான் சார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. "ஹெல்மெட் இல்லாமலா?"

"சார், அது மெஷின்" என்றான் பைலட்.

"வேலை செய்யுதா, இல்லையா?"

"செய்யுது சார்."

"உயரத்துலயா?"

"ஆமா சார்."

"அப்புறம் என்னய்யா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அது குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது?"

ட்ரோனுக்குத் தலைக்கவசம் தேடினார்கள். இருப்பதிலேயே சின்னதை மாட்டியும் அது தரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் பொம்மைக் கடையில் ஒன்று கிடைத்தது. இடுப்பில் கயிறும் கட்டினார்கள். கயிற்றின் நீளம் வரைக்கும்தான் பறக்க முடிந்தது. அதனால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் வரி ஏறியது.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. பாதுகாப்புச் சாதனம் பெற்றுக்கொண்டவர் பணியாளர். பணியாளர் என்றால் வருகைப் பதிவு உண்டு. முகம் பார்த்துக் கதவு திறக்கும் பெட்டிக்கு முன்னால் ட்ரோனைத் தூக்கிக் காட்டினார்கள். "நல்வரவு" என்றது பெட்டி. பைலட்டின் கருகிய முகத்தை மட்டும் அது அன்றுவரை ஒத்துக்கொண்டதே இல்லை. அடுத்து மருத்துவப் பரிசோதனை. எடை கொஞ்சம் குறைவு, இரத்த அழுத்தம் அறவே இல்லை, அரசுப் பணிக்கு முழுத் தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ட்ரோனோடு வந்த கையேட்டில் இருந்ததெல்லாம் இப்போது தொழிலாளர் உரிமையாகிவிட்டது. மழையில் பறக்கக் கூடாது. உச்சி வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் பறந்தால் நிறைய நேரம் ஓய்வு. ஓய்வு ஏசி அறையில். அந்த அறை வரைக்கும் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு போகும் பொறுப்பு, இரண்டு கையும் காலியாக இருந்த பைலட்டிடம் மேற்படி பணியாளரின் நலன் கருதி ஒப்படைக்கப்பட்டது.

இதற்கிடையில் அவன் விடுப்பு என்னவாயிற்று என்று கேட்கப் போனான். மேலாளர் கோப்பைப் புரட்டினார்.

"பிரிவுல அண்ணாந்து பார்க்க ஒண்ணு, பறக்கறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு போஸ்ட்தான் இருக்கு தம்பி. பறக்கற போஸ்ட்ல ட்ரோன் உக்காந்திருச்சு."

"அப்போ நான் யாரு சார்?"

"அதைப் பறக்க விடுற சாதனம். சாதனத்துக்கு ஏதுப்பா லீவு?"

பைலட்டுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மாடிக்கு வந்து கழுத்து அண்ணனிடம் சொல்லி அழுதான். அவர் ஆகாயத்தைப் பார்த்தபடியே ஆறுதல் சொன்னார்.

"அழாத தம்பி. ஆளா இருந்து நீ என்ன சுகத்தக் கண்ட? சாதனம்னா சர்வீஸுக்கு அனுப்பியாகணும். அதுவும் விதிதான்."

பைலட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இறங்கி நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு ஓடினான்.

"சார், நான் சாதனம் சார். சர்வீஸ் பண்ணாம ரொம்ப நாளாச்சு. எப்ப வேணா பழுதாகிடுவேன்."

அதிகாரி பதறி எழுந்தார். "அடடா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சர்வீஸ் சென்டர் எங்க?"

"பிரசவ ஆஸ்பத்திரி சார்."

"வாரண்டி?"

"மாமனார் இருக்காரு சார்."

ஆளாக இருந்தபோது மாதக்கணக்கில் வராத அனுமதி ஒரு நிமிடத்தில் வந்தது. அவனைப் பஞ்சு வைத்துச் சுற்றி, நெற்றியில் "உடையும் பொருள்" என்றும் முதுகில் "இந்தப் பக்கம் மேலே" என்றும் ஒட்டி, அலுவலக வண்டியிலேயே அனுப்பி வைத்தார்கள். வலியில் துடித்துக்கொண்டிருந்த மனைவி அவன் நெற்றியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்கு அந்த அலுவலகத்தின் மேல் பைலட்டுக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

ஆனால் சர்வீஸ் முடிந்து திரும்பிய சாதனம் முன்பு போல் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் யார் தூங்குகிறார்கள்? நின்றபடியே தூங்கினான். ரிமோட்டைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டினான். மேலே ட்ரோனும் தாலாட்டுக்குத் தலையசைத்தது. தணிக்கைக்கு வந்தவர்கள், பழுது நீக்கிப் பயனில்லை, கழித்து ஏலம் விடலாம் என்று எழுதினார்கள். அதற்குப் பிரிவுத் தலைவரின் சம்மதம் வேண்டும். தலைவர் வேறு யாருமில்லை, ட்ரோன்தான். விடுப்பே எடுக்காதவர், எதிர்த்துப் பேசாதவர் என்று அதற்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். அது ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

ஏலத்தன்று உடைந்த நாற்காலிக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே, கழுத்தில் எண் அட்டையோடு பைலட்டை நிறுத்தினார்கள். வேலையும் போய், ஊர் பார்க்க இப்படி நிற்கும்படி ஆயிற்றே என்று அவனுக்கு உடம்பு கூசியது. பழைய இரும்பு வியாபாரி அவனைச் சுற்றி வந்து முழங்கையால் இடித்துப் பார்த்தார்.

"உள்ள செம்பு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லண்ணே. காலைல குடிச்ச டீதான்."

"அப்ப நமக்கு வேணாம்பா."

அந்த நேரம் பார்த்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி வந்தாள். "நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

"தனியா தர முடியாதும்மா. அந்த நாற்காலியையும் சேர்த்துத்தான்" என்றார் ஏலக்காரர். "வித்த பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது. நல்லா யோசிச்சுக்க."

"எங்க மாமியாரும் கல்யாணத்தன்னிக்கு இதையேதான் சொன்னாங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ட்ரோன் எழும்பவில்லை. பறக்க விடும் சாதனம் கையிருப்பில் இல்லை. அவசரமாக டெண்டர் விட்டார்கள். சாதனம் வைத்திருந்தவர் ஊரிலேயே ஒருவர்தான். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி மேலாளர் எதிரில் உட்கார்ந்து நிபந்தனைகளைச் சொன்னார். "வாடகைக்குத்தான் விடுவேன். வெயில்ல வைக்கக் கூடாது. மழையில நனையக் கூடாது. சாயங்காலம் ஆனா வீட்டுல கொண்டுவந்து விட்டுரணும். கீறல் விழுந்தா நஷ்ட ஈடு."

மேலாளர் அத்தனைக்கும் தலையாட்டினார். பைலட்டுக்கு நிழற்குடை போட்டார்கள். முகம் பழைய நிறத்துக்குத் திரும்பி, கதவுப் பெட்டியும் "நல்வரவு" சொன்னது.

இதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எழுத்தர்கள், தட்டச்சர், காவலாளி எல்லோரும் தங்களைச் சாதனமாக்கும்படி வரிசையில் நின்றார்கள். கடைசியில் மேலாளரும் சேர்ந்துகொண்டார். கணவன்மார் மனைவிமாரையும் மனைவிமார் கணவன்மாரையும் ஏலத்தில் எடுத்து வாடகைக்கு விட்டார்கள். கழுத்து அண்ணனை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. அவரை எல்லோரும் ஏற்கெனவே கொடிக்கம்பக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரியும் ஆசைப்பட்டு ஏலத்துக்கு வந்து நின்றார். அவர் மனைவி வந்தார், நிதானமாகப் பார்த்தார், மின்விசிறியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்த அலுவலகத்தில் பணியாளர் என்று இருப்பது ட்ரோன் ஒன்றுதான். மேலாளர் நாற்காலியில், ஏசி அறையில், தலைக்கவசத்தோடு அமர்ந்திருக்கிறது. வரி ஏறிய மக்கள் மனுவோடு வந்து அதன் முன்னால் கைகட்டி நின்று குறையெல்லாம் கொட்டுகிறார்கள். அது பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது. நடவடிக்கை எதுவும் இருப்பதில்லை.

ஆனாலும் வெளியே வரும்போது எல்லோர் முகத்திலும் ஒரு நிறைவு. "தங்கமான ஆபீசர்ங்க. நாம பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க ஒரு வார்த்தை பேசலையே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதை வேறு ஊருக்கு மாற்றிவிடக் கூடாது என்று கேட்டு, சென்ற வாரம் ஊரே திரண்டு ஒரு மனு கொடுத்திருக்கிறது.

பச்சை விளக்கு சிமிட்டியதாம்.