ட்ரெய்லர் நைனாவின் சிரிப்பு

ட்ரெய்லர் நைனாவோடு படம் பார்க்கப் போய்விட்டுத் தலையைக் குனிந்துகொள்ளாமல் திரும்பிய ஆள் ஐயப்பன்தாங்கலில் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் குடியிருப்புக்கு கேபிள் கனெக்‌ஷன் கொடுப்பது அவர் தொழில். எதிரில் வருவது குழந்தையானாலும் போலீஸானாலும் அவருக்கு 'நைனா'தான். முன்னால் இருக்கும் 'ட்ரெய்லர்' நாங்கள் சேர்த்தது.

ஒரு படத்தின் ட்ரெய்லர் வந்தால் மனிதர் அதை மனப்பாடம் செய்துவிடுவார். பிறகு தியேட்டரில் உட்கார்ந்து, எது எது மாறியிருக்கிறது என்று உரக்க அறிவிப்பார். கேட்டது யார்? யாரும் கேட்கவில்லை. ஒரு படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துக் கிடக்கிறாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இவர் எழுந்து நின்று, "ட்ரெய்லர்ல ரோஜா மால போட்டாங்கோ நைனா. இங்க சாமந்தி கீது" என்றார். பின்வரிசையிலிருந்து வந்த வசவில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்காக எனக்கு. மதுரையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து, போகிற இடத்தில் நல்ல பேர் எடுக்க நினைத்தவன் நான்.

"உக்காருங்கண்ணே, மானம் போகுது."

"மாத்துனது அவங்கோ. உனக்கு இன்னாத்துக்கு மானம் போவுது?"

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ட்ரெய்லரிலேயே வந்துவிட்டார். நசரத்பேட்டையில் பஸ் ஸ்டாப் செட் போட்டு ஷூட்டிங் நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனவரைக் கூட்டத்தில் நிற்கக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே கேமராவை வைத்து, சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ட்ரெய்லரில் கதாநாயகன் பஸ்ஸிலிருந்து குதிக்கிறான். அடுத்து நைனாவின் முகம், பெருமை பொங்கச் சிரிக்கிறது.

கேபிள் ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம், டிவியைத் தொடுவதற்கு முன் போனில் அதைப் போட்டுக் காட்டினார். முதல் நாளே தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க புக் செய்தார். மனைவி ஸ்டெல்லா அக்கா, பத்தாவது படிக்கும் மகள் ஜெனி, சர்ச்சில் அக்காவோடு பாடும் பெண்கள், பாஸ்டர், அப்புறம் நான்.

பஸ் ஸ்டாப் காட்சி வந்தது. கதாநாயகன் குதிக்கவில்லை. ஒரு ரவுடி கதாநாயகியின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறான். அவள் அழுகிறாள். சுற்றி நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதில் ஒரு முகம், திரை கொள்ளாமல், சிரிக்கிறது. அதே சிரிப்பு. ஒரு பல்கூட மாறவில்லை.

"அந்தப் பெருசு இளிக்கிறதப் பார்றா மச்சான்" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன். தியேட்டர் மொத்தமும் ஊளையிட்டது. பாஸ்டர் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு காலில்தான் இருந்தது. ஸ்டெல்லா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. நைனா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இடைவேளையில் விளக்கைப் போட்டதும் அதே பையன் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவனைத் தட்டினான். "இவுருதான்டா அது." அதற்கு மேல் அங்கே உட்கார முடியுமா? எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

பார்க்கிங்கில் ஜெனி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த அக்கா அழும்போது எதுக்குப்பா சிரிச்சே?"

நைனா பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்படிக் கூனிக் குறுகி அவரை நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் பொண்ணு அங்க இல்லவே இல்லம்மா. எதிர்ல கேமராதான் இருந்துச்சு. சிரின்னாங்கோ. சும்மா எப்டி சிரிக்கிறது? எனுக்கு வரல. கத்துறாங்கோ. நீ சின்னப் புள்ளயா சர்ச் டிராமால ஆட்டுக்குட்டி வேஷம் போட்டுகினு, மேடையிலயே தூங்கிட்ட இல்ல? அத்த நெனச்சுகினேன். தன்னால வந்துச்சு."

ஜெனி பைக்கில் அவர் பின்னால் ஏறி, அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்தப் படத்தின் மீதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ட்ரெய்லரை மட்டும் அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். அவ்வளவு அன்பான ஒரு முகத்தை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.