எழுத்துல குடுங்க வக்கீல்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தவர்களில் வாய்வார்த்தையை நம்பாத ஒரே ஆத்மா எங்கள் வக்கீல்தான். ஊரில் அவருக்கு 'எழுத்துல குடுங்க வக்கீல்' என்றே பெயர். நான் அவரிடம் குமாஸ்தா.

"நாளைக்கு நல்லெண்ணெய் வந்துருமுங்க" என்பார் கடைக்காரர். "எழுத்துல குடுங்க" என்பார் இவர். ஒருமுறை, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸின் கண்டக்டர், "இந்தா கெளம்பிருச்சு" என்றபோது இவர் காகிதத்தை நீட்ட, மிரண்டுபோன கண்டக்டர் நிஜமாகவே பஸ்ஸைக் கிளப்பிவிட்டார். பாதி ஜனம் காப்பிக் கடையில் நின்றது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சம்மதத்தை எழுதி வாங்கினாராம். அவர் சம்சாரத்திடமே கேட்டேன். "ஆமா, நாந்தான் எழுதிக் குடுத்தேன். இன்னும் பொட்டியில பூட்டி வச்சிருக்காரு" என்றார்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குடியானவப் பெண் ஒருத்தி விடிந்ததும் வந்து நின்றாள். அவள் புருஷன் கருப்பையாவிடம் தாசில்தார் முகாமுக்கு வண்டி மாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அறுவடை நேரம், தரமுடியாது என்றிருக்கிறான். மூன்று நாளாகத் தாலுகா கச்சேரி லாக்கப்பில் கிடக்கிறான். எந்தத் தாலுகா என்று சொல்லமாட்டேன். அந்தத் தாசில்தாருக்குப் பேரன்கள் இருக்கிறார்கள்.

"நாலு வக்கீல் வீட்டுக்குப் போய்ட்டு வாரேங்க. சர்க்காரை எதுத்தா சன்னதைப் பிடுங்கிருவாங்கன்னு பயப்படுறாக. அவரு சோறு தண்ணி எறங்காமக் கெடக்காரு ஐயா."

இன்றைக்கு உரிமைகளைச் சட்டமாக அச்சடித்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு அதிகாரி மனசுதான் சட்டம். இவருக்கும் வக்கீல் தொழிலுக்கு அனுமதி தரும் அந்தச் சன்னது ஒன்றுதான் சோறு. "என்ன கேசுன்னு பிடிச்சாங்க? எழுத்துல குடுத்தாங்களா?" என்றார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் அவளும் கூடவே போனோம்.

தாசில்தார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் கைகட்டி நின்றார். எனக்கே எரிச்சலாக இருந்தது.

"கருப்பையான்னு ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்கறதா அவன் சம்சாரம் அழுவுதுங்க, எசமான்."

"எவ சொன்னது? நான் ஒருத்தனையும் பிடிக்கல. லாக்கப்புல ஒரு ஈ காக்கா கெடையாது."

"அப்படியா? அதை மட்டும் எழுத்துல குடுத்துட்டீங்கன்னா அந்தப் பொம்பளையை அனுப்பிச்சிருவேங்க."

தாசில்தாருக்கு ஒரே சிரிப்பு. இவ்வளவு சுலபமாக ஒரு வக்கீல் தொலைவார் என்று அவர் நினைக்கவில்லை. கருப்பையா என்பவரைப் பிடித்து வைக்கவில்லை, லாக்கப்பில் யாரும் இல்லை என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வக்கீல் நேரே பின்கட்டுக்குப் போய் லாக்கப் வாசலில் நின்ற ஏட்டிடம் அதைக் கொடுத்தார். ஏட்டு ஒருமுறை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்து மறுபடியும் படித்தார்.

"அப்ப உள்ள இருக்கறது யாருங்க?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். எசமான் யாரும் இல்லைங்குறாரு. யாரையாச்சும் நீங்க வச்சிருந்தா அது ஒங்க சொந்தப் பொறுப்பு. அதையும் எழுத்துல குடுங்க ஏட்டையா."

சாவி அவ்வளவு வேகமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. வக்கீல் காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கருப்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவன் பெண்டாட்டி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். தாசில்தார் எச்சில் துப்ப எழுந்து வருவதற்குள் நாங்கள் நாலு பேரும் ரோட்டில் இருந்தோம். ஒரு ஜமீன் படையே வந்திருந்தாலும் திறக்காத கதவு அது.

அவர்களை ஊரில் இறக்கிவிட்டு வண்டியில் திரும்பினோம். அந்தக் காகிதத்தை வைத்துத் தாசில்தார் மேல் நாளைக்கே கோர்ட்டில் பிராது போடவேண்டும் என்று வாசகம் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்திவிட்டார்.

"அந்த ஏட்டுக்குப் படிக்கத் தெரியாமப் போயிருந்தா என்னய்யா பண்ணியிருப்போம்?"

அப்போதுதான் கவனித்தேன். அவர் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. முதலாளி, குமாஸ்தா என்பதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். புதுக்கோட்டை வரும்வரை விடவில்லை.